உலோக நானோ துகள்கள் புற்றுநோய்க்கு மருந்தாகுமா?

கேள்வி இது: தங்கம், வெள்ளி, இரும்பு முதலியவற்றின் நானோ துகள்கள் புற்றணுக்களை (புற்றுநோய் செல்களை) கொல்வதாக ஆண்டுதோறும் ஏராளமான ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. அப்படியென்றால் அவை ஏன் மருத்துவமனைக்கு வரவில்லை? வந்தவை எவை? இத்துறையில் ஆய்வு தொடங்கும் மாணவர் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆய்வகத் தட்டில் வளரும் புற்றணுவைக் கொல்வது எளிது. கொஞ்சம் கூடுதலாக உப்பு போட்டாலே அது செத்துவிடும். உலோகத்தைக் கட்டிக்குள் போதிய அளவில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், வேறு உறுப்புகளில் தங்கியதை வெளியேற்றுவதும்தான் கடினம். மனிதர்களிடம் ஓரளவாவது பலன் காட்டிய முறைகளில் பெரும்பாலானவற்றில் உலோகம் நஞ்சாகச் செயல்படவே இல்லை. வெளியிலிருந்து வரும் ஆற்றலை, அதாவது எக்ஸ் கதிரையோ லேசரையோ மாறும் காந்தப்புலத்தையோ, கட்டிக்குள் பிடித்துக்கொடுக்கும் பொருளாக மட்டும் அது இருந்தது. அவற்றில் பலவற்றை இரத்தத்தில் விடாமல், ஊசியால் நேரே கட்டிக்குள்ளேயே செலுத்தினார்கள்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் ஆகிய புற்றுநோய் மருந்துகளில் பிளாட்டினம் இருக்கிறது, ஆனால் அவை கரையும் மூலக்கூறுகள், துகள்கள் அல்ல. லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழியில் அடைத்த டாக்சோரூபிசினும் ஆல்புமினோடு பிணைத்த பாக்ளிடாக்சலும் நானோ மருந்துகள்தான், ஆனால் அவற்றில் உலோகம் இல்லை. மருத்துவமனையில் “நானோ மருந்து” என்று சொன்னால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். இந்தப் பதில் அவற்றைப் பற்றியது அல்ல.

கதிர்வீச்சிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வலுவான மருத்துவச் சான்று அங்கேதான் இருக்கிறது. எக்ஸ் கதிர் ஓர் அணுவில் பட்டு ஒளிமின் விளைவால் எலக்ட்ரானை வெளியேற்றும் வாய்ப்பு, அணு எண்ணின் மூன்றாம் படி முதல் நான்காம் படி வரையான வேகத்தில் கூடுகிறது. கதிரின் ஆற்றல் ஏற ஏற அது ஏறத்தாழ மூன்றாம் படி வேகத்தில் குறைகிறது. உடல் திசுவின் சராசரி அணு எண் 7 முதல் 8 வரை. தங்கத்துக்கு 79. ஆகவே கட்டிக்குள் தங்கம் இருந்தால், அதே கதிர் அங்கே மட்டும் கூடுதலாக உறிஞ்சப்பட்டு, குறுகிய தூரமே பாயும் எலக்ட்ரான்களைக் கொட்டும். 2004இல் ஜேம்ஸ் ஹெய்ன்ஃபெல்டு குழு இதைச் சுண்டெலிகளில் காட்டியது. 1.9 நானோமீட்டர் தங்கத் துகள்களை இரத்தக்குழாயில் செலுத்தி, உடனே 250 கிலோவோல்ட் எக்ஸ் கதிர் கொடுத்தார்கள். ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவை 86 விழுக்காடு. கதிர் மட்டும் பெற்றவற்றில் அது 20 விழுக்காடு. தங்கம் மட்டும் பெற்றவற்றில் ஒன்றும் பிழைக்கவில்லை.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டு விவரங்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, தங்கத்தின் அளவு: உடல் எடையில் கிலோவுக்கு 2.7 கிராம் வரை. 70 கிலோ மனிதருக்கு நேர் விகிதத்தில் கணக்குப் போட்டால் 189 கிராம், நம் கணக்கில் 23 பவுனுக்கு மேல், அதுவும் ஒரே ஊசியில். இரண்டாவது, கதிரின் ஆற்றல். தங்கத்தின் உள்வட்ட எலக்ட்ரானைப் பெயர்க்க 80.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் போதும். அந்த ஆற்றலுக்கு ஓரளவு மேலே உள்ள கதிர்களில்தான் தங்கத்தின் கூடுதல் உறிஞ்சல் பெரிதாகத் தெரியும். இன்று மருத்துவமனைகளில் இருக்கும் கதிர் சிகிச்சைக் கருவியான லீனியர் ஆக்சிலரேட்டர் 6 மெகாவோல்ட் அளவில் இயங்குகிறது. அந்த ஆற்றலில் கதிர் எலக்ட்ரானில் மோதித் திசை மாறும் காம்ப்டன் சிதறலே மேலோங்கும், அதற்கு அணு எண் அவ்வளவாகப் பொருட்டில்லை. எனவே 250 கிலோவோல்ட்டில் கிடைத்த பலனை 6 மெகாவோல்ட் இயந்திரத்திடம் எதிர்பார்க்க முடியாது. அங்கேயும் ஓரளவு பலன் கிடைக்கிறது என்றால், துகள் குவியலுக்கு மிக அருகே எலக்ட்ரான்கள் செறிவதும், சிதறிய குறைந்த ஆற்றல் கதிர்கள் உலோகத்தில் படுவதும் அதற்குக் காரணம். எனவே துகள் புற்றணுவுக்கு உள்ளே புகுந்திருக்கிறதா, வெளியே திரிகிறதா என்பது முடிவையே மாற்றும்.

இந்தச் சிக்கல்களைச் சுற்றிக்கொண்டு போனது பாரிஸைச் சேர்ந்த நானோபயோட்டிக்ஸ் நிறுவனம். தங்கத்துக்குப் பதில் ஹாஃப்னியம் ஆக்சைடு (ஹாஃப்னியத்தின் அணு எண் 72), ஏறத்தாழ 50 நானோமீட்டர் துகள், பெயர் என்பிடிஎக்ஸ்ஆர்3. இரத்தத்தில் விடுவதில்லை. கட்டியின் கொள்ளளவில் 10 விழுக்காட்டுக்குச் சமமான திரவத்தை, லிட்டருக்கு 53.3 கிராம் செறிவில், நேரே கட்டிக்குள் ஊசியால் ஏற்றுகிறார்கள். 500 மி.லி. கட்டி என்றால் 50 மி.லி. திரவம், அதில் சுமார் 2.7 கிராம் துகள். தொடை, கை ஆகிய இடங்களில் வரும் மென்திசு சார்கோமாவில் (தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் எழும் புற்று) கட்டி இவ்வளவு பெரிதாக இருப்பது அபூர்வமல்ல. ஒரே முறை ஏற்றிவிட்டு, வழக்கமான 50 கிரே (கதிர் அளவின் அலகு) கதிரை 25 தவணைகளில் கொடுத்து, பிறகு அறுவை செய்தார்கள்.

180 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்து நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. வெட்டி எடுத்த கட்டியில் உயிருள்ள புற்றணு 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தவர்கள், துகள் பெற்ற குழுவில் 16 விழுக்காடு, பெறாத குழுவில் 8 விழுக்காடு. “இரண்டு மடங்கு” என்று விளம்பரம் செய்யலாம். எண்ணிக்கையில் பார்த்தால் 87 பேரில் 14, 89 பேரில் 7. உண்மையான முன்னேற்றம்தான், சிறிய முன்னேற்றம். சிலருக்கு ஊசி போடும்போது இரத்த அழுத்தம் இறங்கியது, ஊசி இடத்தில் வலி இருந்தது. அதே ஆண்டில் ஹென்சிஃபை என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்க அனுமதிக்கும் சிஇ முத்திரை கிடைத்தது. அடுத்து, சிஸ்பிளாட்டினைத் தாங்க முடியாத முதியவர்களின் தலை கழுத்துப் புற்றில் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கப்பட்டது. கட்டி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஊசி உள்ளே போக வேண்டும். இந்த முறையின் வரம்பு அது. உடல் முழுக்கப் பரவிய நோய்க்கு இது பொருந்தாது.

இதற்கு நேர் எதிரான வடிவமைப்பு, பிரான்சின் லியோன், கிரெனோபிள் குழுக்கள் உருவாக்கிய ஏஜிவிக்ஸ். கடோலினியம் பிணைத்த பாலிசிலாக்சேன் துகள், 5 நானோமீட்டருக்கும் சிறியது. இதை இரத்தத்தில்தான் செலுத்துகிறார்கள். மூளைக்குப் பரவிய புற்று உள்ள 15 பேருக்கு கிலோவுக்கு 15 முதல் 100 மி.கி. வரை ஏற்றி, முழு மூளைக்கும் 30 கிரே கொடுத்துப் பாதுகாப்பைப் பார்த்தார்கள். மூளையில் பரவிய கட்டியைச் சுற்றி இரத்தக்குழாய்த் தடுப்பு ஓட்டையாக இருப்பதால் துகள் அங்கே தங்குகிறது, எம்.ஆர்.ஐ. படத்தில் பளிச்சென்று தெரிகிறது, மிச்சம் சிறுநீரில் போய்விடுகிறது. அளவைச் சிறிதாக வைத்ததன் பயன் இது. ஏறத்தாழ 5.5 நானோமீட்டர்தான் சிறுநீரகம் வடிக்கும் எல்லை. அதற்கு மேலே உள்ளவற்றில் பெரும்பங்கு கல்லீரலில் போய் விழும்.

வெப்ப முறைக்கு வருவோம். தங்கத்தின் கடத்தும் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட நிற ஒளியில் கூட்டாக அதிர்ந்து, ஒளியை விழுங்கி வெப்பமாக்குகின்றன. 15 நானோமீட்டர் உருண்டை 520 நானோமீட்டர் பச்சை ஒளியை விழுங்கும். ஆனால் பச்சை ஒளி தோலைத் தாண்டாது, இரத்தம் விழுங்கிவிடும். திசுவை ஓரளவு ஊடுருவுவது 650 முதல் 900 நானோமீட்டர் வரையான பட்டை. உறிஞ்சலை அங்கே நகர்த்த, உருண்டையை நீட்டிக் கோலாக்கலாம், அல்லது சிலிக்கா உருண்டைமேல் மெல்லிய தங்க ஓடு போர்த்தலாம். இரண்டாவது வழி ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் இருவரின் வேலை. 120 நானோமீட்டர் சிலிக்கா, அதன்மேல் ஏறத்தாழ 15 நானோமீட்டர் தங்க ஓடு, மொத்தம் 150.

இந்த ஓட்டுத் துகளை புராஸ்டேட் புற்றில் பயன்படுத்திய முதற்கட்ட முடிவும் 2019இல் வந்தது. முதல் நாள் இரத்தக்குழாயில் துகள், மறுநாள் எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்டு வழிகாட்டலில் கட்டிக்குள் ஒளியிழையைச் செருகி, 810 நானோமீட்டர் லேசர். 16 பேரில் 15 பேருக்கு முழுமையாகச் செய்ய முடிந்தது. ஓராண்டுக்குப் பிறகு எடுத்த திசுச் சோதனையில், சூடேற்றிய பகுதியில் 13 பேருக்குப் புற்றணு காணப்படவில்லை. சிறுநீர்க் கட்டுப்பாடும் ஆண்மையும் குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. புராஸ்டேட் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். குறையையும் சொல்ல வேண்டும்: ஒப்பீட்டுக் குழு கிடையாது, எல்லாரும் குறைந்த அல்லது நடுத்தர அபாயம் உள்ளவர்கள், நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தது. லேசர் திசுவுக்குள் சில மில்லிமீட்டரிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர்தான் பயன்தரும் என்பதால், ஒளியிழையை உள்ளே விட்டே ஆக வேண்டும்.

காந்த முறையில் இந்தத் தடை இல்லை, காந்தப்புலம் எலும்பையும் கடக்கும். பெர்லினைச் சேர்ந்த மாக்ஃபோர்ஸ் நிறுவனம் இரும்பு ஆக்சைடு துகளுக்கு அமினோசிலேன் பூசி, மி.லி.க்கு 112 மி.கி. இரும்பு என்ற அடர்த்தியில், மண்டையில் சிறு துளையிட்டு கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக் கட்டிக்குள் செலுத்தியது. வினாடிக்கு ஒரு லட்சம் முறை அலைவுறும் புலத்தில் ஆறு அமர்வுகள், கூடவே கதிர்வீச்சு. 2011இல் வந்த முடிவில், நோய் திரும்பிய 59 பேரின் இடைநிலை ஆயுள், திரும்பியது தெரிந்த நாளிலிருந்து 13.4 மாதம். இதற்கும் ஒப்பீட்டுக் குழு இல்லை. 2010இலேயே ஐரோப்பிய அனுமதி கிடைத்திருந்தும் இது பரவலாகவில்லை. காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. சிகிச்சைக்கு முன் பல்லில் உள்ள உலோக அடைப்புகளை அகற்ற வேண்டும். அவ்வளவு இரும்பு மூளையில் தங்கிவிடுவதால் பிறகு அந்த இடத்தை எம்.ஆர்.ஐ.யில் பார்க்க முடியாது, படம் கறுத்துப்போகும். மூளைப் புற்றைக் கண்காணிக்க இருக்கும் முதன்மைக் கருவியையே இழப்பது எந்த மருத்துவரும் யோசிக்கும் விலை. நிறுவனம் 2022இல் திவால் மனு கொடுத்தது.

புலத்தின் வலிமையை இஷ்டப்படி ஏற்றவும் முடியாது. மாறும் புலம் உப்பு நிறைந்த திசுவிலும் சுழல் மின்னோட்டம் எழுப்பி, துகள் இல்லாத இடத்தையும் சுடவைக்கும். புல வலிமையையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் மீட்டர்-வினாடிக்கு 4.85×10⁸ ஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்ற பழைய வரம்பு இதற்காகத்தான். 100 கிலோஹெர்ட்ஸில் அது மீட்டருக்கு 4.85 கிலோ ஆம்பியர். சிறிய பரப்பில் மட்டும் புலம் விழுந்தால் இதை மீறலாம், மீறியும் இருக்கிறார்கள். ஆனால் 500 கிலோஹெர்ட்ஸ், 30 கிலோ ஆம்பியர் வைத்துச் சோதனைக் குழாயில் சூடேற்றிவிட்டு “மருத்துவத்துக்கு ஏற்றது” என்று முடிக்கும் கட்டுரையை மனிதருக்கு நீட்டிப் படிக்கக் கூடாது. பெருக்கினால் 1.5×10¹⁰ வரும், வரம்பைப் போல் முப்பது மடங்கு.

இரத்தத்தில் விட்ட துகள் கட்டிக்குத் தானாகப் போய்ச் சேராதா? 1986இல் மட்சுமுராவும் மயேதாவும் சொன்னது இதுதான்: கட்டியின் இரத்தக்குழாய்கள் ஓட்டையானவை, நிணநீர் வடிகால் மோசம், ஆகவே பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து தங்கும். இந்த நம்பிக்கையின்மேல் ஒரு துறையே எழுந்தது. டொரண்டோவில் வாரன் சான் குழு 2016இல் பத்தாண்டுக் கால விலங்கு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, செலுத்தியதில் கட்டியை அடைந்தது இடைநிலை அளவில் 0.7 விழுக்காடு. அதிலும் புற்றணுவுக்குள் புகுந்தது அதைவிடப் பன்மடங்கு குறைவு. பெரும்பகுதியைக் கட்டியில் உள்ள மேக்ரோபேஜ்கள் (அந்நியப் பொருளை விழுங்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள்) விழுங்கிவிட்டன, அல்லது அணுக்களுக்கு இடையே உள்ள நார்ச்சட்டகத்தில் சிக்கிக்கொண்டது.

மீதி எங்கே போனது? கல்லீரலில் உள்ள மேக்ரோபேஜ்களான குஃப்பர் அணுக்களும் மண்ணீரலும் பிடித்துக்கொண்டன. 40 நானோமீட்டர் தங்கத்தைச் சுண்டெலிக்குக் கொடுத்து ஆறு மாதம் காத்திருந்து பார்த்தபோது, கல்லீரலில் இருந்த தங்கம் ஏறத்தாழ 9 விழுக்காடுதான் குறைந்திருந்தது. இரும்பு ஆக்சைடு மெல்லக் கரைந்து உடலின் இரும்புச் சேமிப்பில் கலக்கும். தங்கத்துக்கு அந்த வசதி கிடையாது. உடனடி நஞ்சு இல்லை என்பதும் நீண்டகாலம் தங்குவதில் கெடுதல் இல்லை என்பதும் வேறு வேறு கூற்றுகள். ஒழுங்குமுறை அமைப்புகள் கேட்பது இரண்டாவதை.

“அப்படியானால் புற்றணுவைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளைத் துகள்மேல் ஒட்டிவிடலாமே” என்பது அடுத்த யோசனை. ஒட்டலாம். ஆனால் இரத்தத்தில் இறங்கிய சில நொடிகளில் துகளைப் புரதங்கள் போர்த்திவிடும். டப்ளின் குழு 2013இல் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ஒட்டிய சிலிக்கா துகளை வைத்துக் காட்டியபடி, சீரம் (இரத்தத்தின் புரத நீர்) சேர்த்ததும் அந்தத் தேடும் திறன் போய்விட்டது. பாலி எத்திலீன் கிளைக்கால் பூச்சு இந்தப் போர்வையைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. சிலருடைய இரத்தத்தில் அந்தப் பூச்சுக்கே எதிர்ப்பொருள் இருக்கிறது.

தங்கத்தைச் சுமைதூக்கியாகப் பயன்படுத்திய இரண்டு முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. 27 நானோமீட்டர் தங்கத்தில் கட்டியைத் தாக்கும் டிஎன்எஃப் புரதத்தைப் பிணைத்த சிஒய்டி-6091, தனியாகக் கொடுத்தால் இரத்த அழுத்தத்தை ஆபத்தாக இறக்கும் அந்தப் புரதத்தைப் பழைய உச்ச அளவைப் போல் மூன்று மடங்கு வரை தாங்கச் செய்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் என்யூ-0129, தங்க உருண்டைமேல் ஆர்.என்.ஏ. இழைகளை நட்டது, எட்டு மூளைப் புற்று நோயாளிகளுக்கு அறுவைக்கு முன் செலுத்தி, வெட்டிய கட்டியில் தங்கம் இருப்பதை உறுதிசெய்தார்கள். சேர்ந்தது என்று காட்டுவதற்கே ஒரு மனிதச் சோதனை தேவைப்பட்டது, அதுவே இத்துறையின் நிலையைச் சொல்லிவிடுகிறது.

இனி ஆய்வக வேலை. தங்கத் துகள் செய்ய எளிய, நம்பகமான வழி 1951இல் டர்கெவிச் தந்ததும் 1973இல் ஃப்ரென்ஸ் அளவு கட்டுப்படுத்தக் காட்டியதும்தான். 50 மி.லி. 0.01 விழுக்காடு குளோரோ ஆரிக் அமில (தங்க உப்பு) கரைசலைக் கொதிக்கவிட்டு, நன்றாகக் கலக்கிக்கொண்டே, 1 விழுக்காடு டிரைசோடியம் சிட்ரேட் 1 மி.லி.யை ஒரே மூச்சில் ஊற்றினால் ஏறத்தாழ 16 நானோமீட்டர் கிடைக்கும். அரை மி.லி. ஊற்றினால் 41 வரை போகும். சிட்ரேட் குறைந்தால் விதைகள் குறையும், ஒவ்வொன்றும் பெரிதாக வளரும். வெளிர்மஞ்சள் மறைந்து, மங்கிய நீலம் வந்து, கருஞ்சிவப்பில் நிற்க வேண்டும். நிறம் நின்ற பிறகும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, கலக்கியபடியே ஆறவிடுங்கள்.

கெடுவது எங்கே என்றால், முதலில் கண்ணாடிப் பாத்திரம். சுவரில் ஒட்டியிருக்கும் பழைய உலோகத் துணுக்கு ஒவ்வொன்றும் விதையாகிவிடும். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக் கலந்த இராஜதிராவகத்தில் கழுவி, தூய நீரில் பலமுறை அலச வேண்டும். அதைப் புகைக்கூண்டுக்குள் மட்டும் கலக்குங்கள். மீந்ததை மூடி போட்ட பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். இரண்டாவது, தங்க உப்பை எஃகுக் கரண்டியால் அள்ளுவது: உப்பு கரண்டியையே அரித்து, அளவும் தூய்மையும் போய்விடும். மூன்றாவது, சிட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவது. விதை உருவாவதும் வளர்வதும் ஒரே நேரத்தில் நடந்து, பல அளவில் துகள் வரும். 520 நானோமீட்டரில் கூர்மையான உச்சம் இல்லாமல் 600க்கு மேல் வால் நீண்டிருந்தால் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுங்கள்.

சிட்ரேட் மட்டும் பூசிய துகளை அப்படியே செல் வளர்ப்புத் திரவத்தில் போடக் கூடாது. அதன் மின்விலக்கத்தை உப்பு மறைத்துவிடும், சிவப்பு நீலமாகி அடியில் படியும். முன்பே தயோல் முனையுள்ள 5000 டால்டன் பாலி எத்திலீன் கிளைக்கால் மிகுதியாகச் சேர்த்து, இரவு முழுக்கக் கலக்கிப் பூச வேண்டும். பூச்சு பிடித்ததா என்று பார்க்க, சிறிதளவு எடுத்து 0.9 விழுக்காடு உப்பு வரும்படி கலந்து ஒரு மணி நேரம் வையுங்கள். உச்சம் இரண்டு மூன்று நானோமீட்டருக்கு மேல் நகராமல் சிவப்பாகவே இருந்தால் சரி. பூசும் முன் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால், அடியில் ஒட்டிய கறுப்பு வில்லை திரும்பக் கரையவே கரையாது.

மேலே சொன்ன 16 நானோமீட்டர் கரைசலில் மி.லி.க்கு ஏறத்தாழ 49 மைக்ரோகிராம் தங்கம், துகள் எண்ணிக்கையில் சுமார் 1.2 லட்சம் கோடி. இந்த எண் முக்கியம். வாரன் சான் குழு 2020இல், சுண்டெலிக்கு ஒரு லட்சம் கோடி துகளுக்கு மேல் கொடுத்தால் குஃப்பர் அணுக்கள் திக்குமுக்காடி, கட்டிக்குப் போகும் பங்கு 12 விழுக்காடு வரை உயர்வதைக் காட்டியது. எனவே மருந்தளவை மைக்ரோகிராமில் மட்டும் எழுதினால் போதாது. துகள் எண்ணிக்கையும் தர வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் நடப்பது தாவரச் சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்வது. இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றில் 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட், பழுப்பு நிறம், 420 நானோமீட்டர் அருகே உச்சம், பிறகு புனே தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்கிய எம்சிஎஃப்-7 (மார்பகப் புற்று) அல்லது ஹீலா (கருப்பைவாய்ப் புற்று) அணுக்களில் எம்டிடி என்ற நச்சுச் சோதனை, கடைசியில் ஐசி50 மதிப்பு (பாதி அணுக்களை ஒடுக்கும் செறிவு). செலவு குறைவு, செய்முறை கற்க நல்லது. ஆனால் முடிவுகளில் பெரும்பகுதி எதையும் நிரூபிப்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பொருளின் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் வரைபடத்தில் 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரியில் வெள்ளி உச்சங்கள் வர வேண்டும். பல கட்டுரைகளில் 27.8, 32.2, 46.2 டிகிரிகளிலும் வலுவான உச்சங்கள் இருக்கும், அவற்றை “தாவரச் சாற்றின் படிகங்கள்” என்று தாண்டிவிடுவார்கள். அவை வெள்ளி குளோரைடு. இலையில் குளோரைடு இருக்கிறது, குழாய்நீர் கலந்திருந்தால் இன்னும் அதிகம். அப்படியானால் சோதித்த பொருள் வேறு.

எம்டிடி சோதனை அளப்பது உயிருள்ள அணு மஞ்சள் சாயத்தை ஊதாவாக ஒடுக்கும் திறனை. தாவரப் பாலிஃபீனால் அணுவே இல்லாமல் அந்த வேலையைச் செய்யும், அதனால் நச்சுத்தன்மை குறைவாகத் தெரியும். துகள்களோ 570 நானோமீட்டரில் தாமே ஒளியை விழுங்கவும் சிதறடிக்கவும் செய்யும். எனவே அணு இல்லாத கிணறுகளில் துகளும் சாயமும் மட்டும் போட்ட ஒரு வரிசை கட்டாயம் வேண்டும். அதோடு தாவரச் சாறு மட்டும், வெள்ளி நைட்ரேட் மட்டும், துகளைச் சுழற்றிப் பிரித்த மேல்நீர் மட்டும் என்று மூன்று வரிசைகள். மேல்நீரே அணுக்களைக் கொன்றால், கொன்றது கரைந்த வெள்ளி அயனி, நானோ துகள் அல்ல. பிறகு ஒரு நலமான அணுவகை. ஐசி50 இரண்டிலும் ஏறத்தாழ சமமாக வந்தால், உங்களிடம் இருப்பது பொதுவான நஞ்சு. எம்டிடியோடு டிரைபான் நீல எண்ணிக்கையையும் (செத்த அணுவில் மட்டும் ஏறும் சாயம்) வைத்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சோடு சேர்த்துச் சோதிப்பவர்கள் எம்டிடியை நம்பவே கூடாது. கதிர் பட்ட அணு பிளவுபடும் திறனை இழந்த பின்னும் சில நாள் சாயத்தை ஒடுக்கிக்கொண்டிருக்கும். பத்துப் பதினான்கு நாள் காத்திருந்து காலனிகளை எண்ணுவதுதான் சரியான வழி.

கடைசியாக ஒரு பெருக்கல். ஐசி50 மி.லி.க்கு 20 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லிட்டர் இரத்தத்தில் அந்தச் செறிவு வர 100 மி.கி. வெள்ளி வேண்டும், அதுவும் ஒரு நாள் முழுக்க அங்கேயே சுற்ற வேண்டும். அது சில நிமிடங்களில் கல்லீரலுக்குப் போய்விடும். விலங்குச் சோதனைக்குப் போகிறவர்கள் எண்டோடாக்சினையும் (பாக்டீரியாச் சுவரின் நஞ்சு) அளக்க வேண்டும்: ஊசி மருந்தில் கிலோவுக்கு மணிக்கு 5 அலகுதான் வரம்பு. அதை அளக்கும் வழக்கமான லிமுலஸ் சோதனையை 405 நானோமீட்டரில் படிப்பார்கள். தங்கமும் வெள்ளியும் அங்கேயே ஒளியை விழுங்குவதால் பொய் எண் வரும். நீர்க்கச் செய்து, தெரிந்த அளவு எண்டோடாக்சின் கலந்து, அது திரும்பக் கிடைக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

தங்க பஸ்பம் இதே வேலையைச் செய்யாதா என்று கேட்பவர்கள் உண்டு. புடம் போட்ட பொருளில் நானோ அளவுத் துகள்களும் இருக்கலாம், ஆனால் அளவு சீராக இல்லாமல் மைக்ரோமீட்டர் திரள்கள் வரை கலந்திருக்கும், இரத்தத்தில் துகளைத் திரளாமல் சுற்றவைக்கும் பூச்சு கிடையாது, வாய்வழி போகிறது. மேலே சொன்ன சோதனைகளின் முடிவை அதற்குப் பொருத்த முடியாது. பாதரசம், பாஷாணம் சேர்ந்த மருந்துகளை சிஸ்பிளாட்டின் ஏறும் காலத்தில் எடுப்பது தனி ஆபத்து. இரண்டுமே சிறுநீரகத்தைத்தான் தாக்கும். எடுத்துக்கொண்டிருந்தால் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நோயாளியின் குடும்பத்துக்கு: உலோக நானோ துகள் எதுவும் இன்று எந்தப் புற்றுக்கும் வழக்கமான முதல் சிகிச்சை இல்லை. “நானோ தங்க சிகிச்சை” என்று யாராவது பணம் கேட்டால், சோதனைப் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகள் சிடிஆர்ஐ பதிவேட்டில் இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நெறிமுறைக் குழு ஒப்புதலும், உங்கள் மொழியில் எழுதிய ஒப்புதல் படிவமும் இருக்க வேண்டும். பதிவு பெற்ற சோதனையில் சேர்ந்தால், செலுத்திய பொருளின் பெயர், அளவு, தேதி, உடலில் எந்த இடம் என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு ஆக்சைடும் கடோலினியமும் எம்.ஆர்.ஐ. படத்தை மாற்றும், ஹாஃப்னியமும் தங்கமும் சி.டி. படத்தில் வெள்ளையாகத் தெரியும். பின்னாளில் வேறு ஊரில் ஸ்கேன் எடுக்கும்போது அந்தத் தாள் இல்லாவிட்டால், ரேடியாலஜிஸ்ட் அந்த வெள்ளைத் திட்டைச் சுண்ணம் படிந்ததாகவோ இரத்தக் கசிவாகவோ படித்துவிடலாம்.